பார்சலோனா நகரும் மொன்செராற் மலையும்

விடுமுறை வந்ததும் குடும்பத்தோடு வெளியூர் செல்ல நினைப்போர் முன்னே பெரும்பாலும் ஒரு வினா எழுவதுண்டு: நகருக்குச் செல்வதா, மலைக்குச் செல்வதா? முதியோர் மாட மாளிகைகளையும் கலைக்கூடங்களையும் காண விரும்புவர். இளையோர் ஓடவும் ஏறவும் வெட்டவெளி வேண்டும் என்பர். நகரம் அறிவுக்கு விருந்து, மலை உடலுக்கு மருந்து என இரண்டையும் வெவ்வேறாகப் பிரித்து வைப்பதே வழக்கமாகிவிட்டது. ஆனால், இப்பிரிவினைக்கு இடங்கொடாத ஊர் ஒன்று உண்டு. ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கே, மத்தியதரைக் கடற்கரையிலே அமைந்த பார்சலோனாவே அவ்வூர். அங்குள்ள விந்தையான கட்டடங்களைக் கண்டு வியப்போர், அருகிலுள்ள மலையைக் கண்டபின்னரே அவ்வியப்பின் காரணத்தை முழுமையாக உணர்வர். மலையை மட்டும் கண்டு திரும்புவோர்க்கும் அவ்வாறே ஒரு பாதி குறைந்துபோகும்.

கடலுக்கும் குன்றுகளுக்கும் இடையே பாய்விரித்தாற்போலக் கிடக்கிறது அந்நகரம். இரு மருங்கிலும் லோப்ரெகாற், பெசோஸ் என்னும் ஆறுகள் கடலிற் கலக்கின்றன. பின்புறத்தே கொல்செரோலா என்னும் குன்றுத்தொடர் நிற்கிறது. அதன் உச்சியான திபிதாபோ 512 மீற்றர் உயரமுடையது. அந்நகர மக்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லும்போது வடக்கு, தெற்கு என்று கூறுவதைவிடக் ‘கடற்பக்கம்’, ‘மலைப்பக்கம்’ என்று கூறுவதே பெருவழக்கு. புதிதாகச் செல்லும் குடும்பத்தார் இவ்விரு சொற்களையும் மனத்திற் கொண்டால் வழி தவறமாட்டார்கள். அந்நகரின் கலையை விளங்கிக்கொள்வதற்கும் இவையிரண்டுமே திறவுகோல்கள் என்பது பின்னர்ப் புலப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பார்சலோனா பழைய மதில்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. வீடுகள் நெருங்கின, வெளிச்சமும் காற்றும் குன்றின, கொள்ளைநோய்கள் பலமுறை பரவின. 1854ஆம் ஆண்டில் மதில்களை இடிக்க அனுமதி கிடைத்தது. மதிலுக்கு வெளியே எழவேண்டிய புதிய நகருக்கு இல்டெபோன்ஸ் செர்தா என்னும் பொறியியலாளர் வரைந்த திட்டம் 1859இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வீதிகள் யாவும் நேரானவை. பெரும்பாலானவை 20 மீற்றர் அகலமுடையவை. வீதிகளிடையே உள்ள ஒவ்வொரு மனைத்தொகுதியும் 113 மீற்றர்ப் பக்கங்கொண்ட சதுரம். அச்சதுரத்தின் நான்கு மூலைகளும் வெட்டப்பட்டிருக்கும். வண்டிகள் இலகுவாகத் திரும்பவும், சந்திகளில் ஒளியும் காற்றும் உலாவவும் செய்த ஏற்பாடு அது. மனைத்தொகுதிகளின் நடுவே தோட்டங்கள் இருக்கவேண்டும் என்று செர்தா விரும்பினார். நிலத்தின் விலை ஏறியபோது அத்தோட்டங்களுட் பலவற்றைக் கட்டடங்கள் விழுங்கிவிட்டன. எனினும், நேர்கோட்டால் வகுத்த இந்தப் புதுநகரிலேதான் நேர்கோட்டையே மறந்தாற்போன்ற வீடுகள் பின்னர் எழுந்தன.

அவ்வீடுகளை எழுப்பியோருள் முதலில் வைத்து எண்ணப்படுபவர் அன்ரோனி கௌடி. 1852ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி பிறந்த அவர், செப்புக்கலங்கள் செய்யும் கன்னார் ஒருவரின் மகன். தட்டையான செப்புத்தகடு சுத்தியலடி பட்டுப் பட்டுக் குழிந்து கலமாவதைச் சிறுவயதிலே தந்தையின் பட்டறையிற் பார்த்துப் பழகியவர். மூட்டுவாதம் அவரை வருத்தியமையால் ஏனைய சிறுவரோடு ஓடியாட இயலாத நாட்கள் பல. அந்நாட்களிற் செடி கொடிகளையும் உயிரினங்களையும் ஊன்றிக் கவனிக்கும் பழக்கம் உண்டாயிற்று. 1878இல் கட்டடக் கலைஞராகப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், கையுறை வணிகர் ஒருவருக்காக அவர் அமைத்துக்கொடுத்த கண்ணாடிப் பேழை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டு வியந்தவர் எயுசெபி குவெல் என்னும் ஆலை முதலாளி. அவர் கௌடியைத் தேடிச்சென்று நட்புக்கொண்டார். அந்நட்பு அவர் மறையும்வரை நீடித்தது. நெசவாலைகளாலும் கடல் வாணிகத்தாலும் செல்வம் பெருகி, கற்றலன் மொழியும் பண்பாடும் புத்துயிர் பெற்றுவந்த காலம் அது. தம் செல்வத்தையும் தனித்துவத்தையும் கல்லிலே காட்ட விரும்பினர் அந்நகரச் செல்வர்.

குடும்பமாகச் செல்வோர் முதல் நாளைக் கிராசியா பெருவீதிக்கென ஒதுக்குவது நன்று. அங்கே 43ஆம் இலக்கத்தில் உள்ளது பாட்லோ இல்லம். 1877இல் கட்டப்பெற்ற சாதாரண வீடொன்றைக் கௌடி 1904 முதல் 1906 வரை மாற்றியமைத்து இவ்வுருவத்தைக் கொடுத்தார். கூரையின் ஓடுகள் பறவைநாகத்தின் செதில்கள்போல நிறம் மாறி மின்னுகின்றன. கீழ்த்தளத்துத் தூண்கள் எலும்புகளை ஒத்திருக்கின்றன. மேல்மாடி முகப்புகள் முகமூடிகளை ஒத்திருக்கின்றன. பறவைநாகத்தைக் கொன்ற புனித ஜோர்ஜ் கற்றலோனியாவின் பாதுகாவலர். அவருடைய கதையே இக்கூரையிற் சித்திரிக்கப்பட்டது என்று விளக்குவோர் பலர். பிள்ளைகளுக்கு இக்கதை போதும். பெரியோர் உள்ளே சென்று வீட்டின் நடுவிலுள்ள ஒளிமுற்றத்தை அண்ணாந்து பார்க்கவேண்டும். அதன் சுவர்களிற் பதித்த நீல ஓடுகள் உச்சியிலே கடுநீலமாய்த் தொடங்கி, கீழே வர வர வெளிறிச் செல்கின்றன. மேலுள்ள சன்னல்கள் சிறியவை; கீழுள்ளவை பெரியவை. வெயில் நேரே படும் மேல்மாடியில் ஒளியை அடக்கி, வெயில் எட்டாத கீழ்மாடிக்கு ஒளியைப் பெருக்கித் தரும் உபாயம் இது. அழகுக்காகத் தீட்டிய நீலம்போலத் தோன்றுவது, உண்மையில் எல்லா மாடிகளுக்கும் வெளிச்சத்தை நிறுத்துப் பங்கிடும் துலாக்கோல்.

அதே வீதியிற் சிறிது தூரம் மலைப்பக்கமாக நடந்தால் மிலா இல்லம் தோன்றும். 1906இல் தொடங்கி 1912இல் முடிந்த இக்கட்டடத்தின் கன்முகப்பு கடலலைபோலப் புரண்டு செல்கிறது. நகர மக்கள் அதற்குக் ‘கற்சுரங்கம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டி எள்ளி நகைத்தனர். ஆகாயக் கப்பல்களை நிறுத்தும் கொட்டில் என்று கேலிச்சித்திரம் வரைந்தனர். மாநகரசபையோ, கட்டடம் விதித்த அளவை மீறிவிட்டது என்றும், தூணொன்று நடைபாதையை மறிக்கிறது என்றும் தடைபோட்டது. ஈற்றில் 1909இல், இது நினைவுச்சின்னத் தன்மை வாய்ந்தது எனக் கூறி விதிவிலக்கு அளித்தது. இக்கட்டடத்தில் மாடிகளின் பாரத்தைத் தாங்குபவை தூண்களும் இரும்பு உத்தரங்களுமேயாம். வெளிமுகப்பு ஒரு போர்வையாக அமைய, உட்சுவர்களை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். மொட்டைமாடியிலே தலைக்கவசம் அணிந்த போர்வீரர்போல நிற்பவை யாவை? புகைபோக்கிகள், காற்றுப்போக்கிகள், மாடிப்படிகளின் முகப்புகள் ஆகியனவே. பயனற்ற உருவம் ஒன்றேனும் அங்கில்லை. அவற்றின் கீழே, முன்னாளிற் குடியிருப்போர் துணி துவைத்து உலர்த்திய மேற்றளத்தில், ஏறத்தாழ 270 செங்கல் வளைவுகள் வரிசையாக நின்று கூரையைச் சுமக்கின்றன.

இத்தகைய கட்டடங்களைக் காணும் குழந்தை பெரும்பாலும் கேட்கும் கேள்வி, “இது விழுந்துவிடாதா?” என்பதே. இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்குதல் தகாது. கௌடி தம் வாழ்நாள் முழுவதும் விடைதேடிய கேள்வியும் இதுவே. அவர் கண்ட விடையை நேயர்கள் தத்தம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கழுத்துச் சங்கிலி ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் இரு கைகளாற் பிடித்துத் தளரத் தொங்கவிடுக. சங்கிலி தானாகவே ஓர் அழகிய வளைவாகத் தொங்கும். அவ்வளைவில் ஒவ்வொரு கண்ணியும் தன் அயற்கண்ணியை இழுத்துக்கொண்டு மட்டுமே இருக்கும். வேறெந்த விசையும் அதற்குள் இராது. அதே வளைவை அப்படியே தலைகீழாகப் புரட்டிக் கல்லாற் கட்டினால், இழுவை யாவும் அமுக்கமாக மாறிவிடும். கல்லும் செங்கல்லும் அமுக்கத்தை நன்கு பொறுக்கும், இழுவையை அவ்வாறு பொறுக்கமாட்டா. ஆதலால், தொங்கும் சங்கிலி காட்டிய வழியிலே கட்டிய வளைவு, மெல்லியதாயினும் நிலைத்து நிற்கும். பதினேழாம் நூற்றாண்டிலேயே இவ்வுண்மையை இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் எடுத்துரைத்தார். ஆயினும், அதனை ஒரு கோயிலின் முழு வடிவத்துக்கும் அடிப்படையாக்கத் துணிந்தவர் கௌடி.

குவெல் தம் ஆலைத் தொழிலாளருக்கென நகருக்கு வெளியே ஒரு குடியிருப்பு அமைத்திருந்தார். அங்கே ஒரு தேவாலயம் கட்டுமாறு 1898இல் கௌடியிடம் ஒப்படைத்தார். கௌடி வரைபடம் வரைவதற்குப் பதிலாக முகட்டிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டார். எந்தெந்த இடத்தில் எவ்வளவு பாரம் வரும் என்று கணித்து, அதற்கேற்ப ஈயச் சன்னங்கள் நிறைத்த சிறு பைகளை நூல்களிற் கட்டினார். ஒரு நூலை அசைத்தால் மற்ற நூல்கள் யாவும் அசைந்து புதிய நிலைகொள்ளும். இம்மாதிரியுருவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் செலவாயின. அதனைப் புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாக வைத்து நோக்கியபோது கோயிலின் வடிவம் நிமிர்ந்து நின்றது. அத்தேவாலயத்தில் கீழறை மட்டுமே கட்டிமுடிந்தது. ஆயினும், கௌடி அங்கே கற்ற பாடம் பின்னர்ப் பெரியதொரு கோயிலிற் பயன்பட்டது. கற்பனை என்பது இயற்கையின் விதியை மீறும் துணிச்சல் என்று எண்ணுவோர் உளர். கௌடியின் கற்பனையோ அவ்விதிக்கு மிக நுட்பமாகக் கீழ்ப்படிந்ததனாலேயே வியப்பூட்டுகிறது.

இரண்டாம் நாளுக்குக் குவெல் பூங்கா உகந்தது. நகரின் மலைப்பக்கச் சரிவிலே, அறுபது மனைகள் கொண்ட தோட்டக் குடியிருப்பாக 1900இல் தொடங்கப்பட்ட திட்டம் இது. வாங்குவார் இல்லாமையால் இரண்டு வீடுகளே எழுந்தன. அவற்றுள் ஒன்றிற் கௌடியே 1906 முதல் 1925 வரை வாழ்ந்தார். வாணிகத்திலே தோற்றுப்போன அம்முயற்சி 1926இல் பொதுமக்கள் பூங்காவாக மலர்ந்தது. அதன் நடுவில் ஒரு பெரிய வெளிமுற்றம். அதைச் சுற்றிப் பாம்புபோல் வளைந்து செல்லும் இருக்கை. உடைந்த ஓட்டுத்துண்டுகளையும் பீங்கான் துண்டுகளையும் பொருத்திச் செய்த வண்ணவேலை அவ்விருக்கையை மூடியிருக்கிறது. கௌடியின் உதவியாளரான யோசெப் மரியா யூயோல் இவ்வேலையில் வல்லவர். பிறர் குப்பையென வீசிய துண்டுகள் அங்கே கொன்றையாகவும் கடலாகவும் ஒளிர்கின்றன. அம்முற்றத்தைக் கீழே 86 தூண்கள் தாங்குகின்றன. முற்றத்தில் விழும் மழைநீர் மண்ணிலும் பரலிலும் வடிந்து, தூண்களின் உள்ளே இறங்கி, நிலத்தடித் தொட்டியிற் சேர்கிறது. தொட்டி நிறைந்து மிகும் நீர், படிக்கட்டின் நடுவே கிடக்கும் வண்ணப் பல்லியின் வாய்வழியே வெளிவருமாறு அமைத்தனர். பிள்ளைகள் படமெடுக்க விரும்பும் அப்பல்லி, நீர்வளம் குறைந்த குன்றிலே மழையைச் சேமித்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பு.

கௌடி ஒருவரே அந்நகரின் கலைஞர் என்று எண்ணிவிடலாகாது. அவர் காலத்து லூயிஸ் டொமெனெக் இ மொன்ரனேர் என்பவர் 1908இல் கட்டிமுடித்த இசை மண்டபத்தில், முகட்டிலிருந்து வண்ணக் கண்ணாடிக் கவிகை ஒன்று தலைகீழாகத் தொங்கிப் பகலொளியைச் சொரிகிறது. அவரே வகுத்த சான்ற் பாவு வைத்தியசாலை, பூந்தோட்டத்தின் நடுவே தனித்தனி மண்டபங்களாக எழுந்தது. மண்டபங்களை நிலத்தடிப் பாதைகள் இணைத்தன. நோயாளி கண்விழிக்கும்போது காணும் நிறமும் பூவேலையும் மருந்தின் ஒரு பகுதியே என்று அவர் கருதினார். 2009ஆம் ஆண்டுவரை அம்மண்டபங்களில் வைத்தியம் நடைபெற்றது. அவ்வைத்தியசாலையின் வாயிலிலிருந்து ஒரு மரநிழற் சாலை நேரே திருக்குடும்பக் கோயிலை நோக்கிச் செல்கிறது. மூன்றாம் நாள் அச்சாலை வழியே கோயிலை அணுகுவது சிறப்பு.

திருக்குடும்பக் கோயிலை எழுப்பும் எண்ணம் யோசெப் மரியா பொகபெல்லா என்னும் புத்தக வணிகருடையது. புனித சூசையப்பரின் அடியார் திருக்கூட்டம் ஒன்றை நிறுவியவர் அவர். அரசின் பொருளின்றி, அடியார் அளிக்கும் காணிக்கை கொண்டே கட்டவேண்டும் என்பது நியதி. 1882ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆந் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. முதலில் நியமிக்கப்பட்ட கலைஞர் விலகவே, 1883இல் கௌடி பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 31. அதன்பின் 43 ஆண்டுகள் அக்கோயிலை அவர் விட்டகலவில்லை; கடைசி ஆண்டுகளில் வேறெந்த வேலையும் ஏற்காது அதிலேயே மூழ்கியிருந்தார். பன்னிரு அப்போஸ்தலர், நான்கு நற்செய்தியாளர், கன்னி மரியாள், இயேசு பெருமான் ஆகியோருக்காகப் பதினெட்டுக் கோபுரங்கள் வகுத்தார். நடுக்கோபுரத்துக்கு அவர் விதித்த உயரம் 172.5 மீற்றர். கடலோரத்து மொன்ஜுயிக் குன்றின் உயரத்தைவிடச் சற்றுக் குறைவாகவே அதனை அவர் நிறுத்தினார். மனிதன் கட்டியது கடவுள் கட்டியதை விஞ்சலாகாது என்பது அவர் கொள்கை.

உள்ளே நுழைவோர் ஒரு காட்டினுள் நுழைந்தாற்போல உணர்வர். தூண்கள் மரங்களைப்போல எழுந்து, உயரத்திலே கிளைவிட்டுக் கூரையை ஏந்துகின்றன. பழைய ஐரோப்பியக் கோயில்களிற் சுவர் வெளியே சாயாதிருக்க வெளிப்புறத்தே முட்டுகள் கொடுப்பது வழக்கம். அவற்றை ஊன்றுகோல்கள் என்று கௌடி இகழ்ந்தார். மரத்துக்கு ஊன்றுகோல் வேண்டாமல்லவா? பாரம் செல்லும் திசையிலேயே தூணும் கிளையும் சாய்ந்து நின்றால் முட்டுக்கு இடமில்லை. பாரம் மிகுந்த இடத்தில் வலிமை மிக்க செந்நிறப் போபிரிக் கல்லையும், அதற்கு அடுத்த இடங்களிற் கருங்கல் வகைகளையும், பாரம் குறைந்த இடத்தில் மணற்கல்லையும் தூண்களுக்கு இட்டனர். காலையிற் சென்றால் கிழக்குச் சன்னல்களின் நீலமும் பச்சையும் தரையில் நனையும். மாலையிற் சென்றால் மேற்குச் சன்னல்களின் செம்மையும் பொன்மையும் தூண்களிற் படியும். ஒரே நாளில் இருவேளையும் செல்ல இயலாதார் மாலையைத் தேர்ந்தெடுத்தால், வெயில் தணிந்த பின் குழந்தைகள் களைப்பின்றிப் பார்ப்பர்.

கிறிஸ்து பிறப்பைச் சித்திரிக்கும் முகப்பிலே, இரு பெருந்தூண்களின் அடியில் இரண்டு ஆமைகள் பாரத்தைச் சுமக்கின்றன. ஒன்று கடலாமை; மற்றது நிலத்தாமை. கடலாமை கடற்பக்கத்துத் தூணிலும், நிலத்தாமை மலைப்பக்கத்துத் தூணிலும் உள்ளன. வழி கேட்கும்போது மக்கள் வாயில் வழங்கும் அவ்விரு சொற்களும் இங்கே கல்லாய் அமர்ந்திருக்கின்றன. எதிர்ப்புறத்துப் பாடுகளின் முகப்பை 1980களின் பிற்பகுதி முதற் செதுக்கிய சுபிராக்ஸ் என்னும் சிற்பி, அங்கே எண்கட்டம் ஒன்றைப் பொறித்தார். நான்குக்கு நான்கான அக்கட்டத்தில் நிரையாகவோ நிரலாகவோ கூட்டினாலும் 33 வரும். கிறிஸ்து பெருமான் மரித்த வயது அது என்பது மரபு. கணக்கிலே விருப்பமுள்ள பிள்ளைகள் அங்கிருந்து இலகுவில் நகரமாட்டார்கள்.

1926ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி, வீதியைக் கடந்த முதியவர் ஒருவரைத் திராம் வண்டி மோதித் தள்ளியது. கந்தையான உடையைக் கண்டோர் அவரைப் பிச்சைக்காரர் என்று கருதினர்; ஏழைகளுக்கான வைத்தியசாலையிற் சேர்த்தனர். அவர் கௌடி என்பது பிந்தியே தெரிந்தது. யூன் 10ஆந் திகதி அவர் உயிர் நீத்தார். தாம் கட்டிய கோயிலின் கீழறையிலே அடக்கம் செய்யப்பட்டார். பத்தாண்டுகளின் பின், 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருடைய பட்டறை தீக்கிரையாயிற்று, வரைபடங்கள் எரிந்தன, சாந்தினாற் செய்த மாதிரியுருவங்கள் நொறுங்கின. எஞ்சிய துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்து, அவற்றின் வடிவக்கணக்கை ஆராய்ந்தே பின்வந்தோர் வேலையைத் தொடர்ந்தனர். பிற்காலத்திற் கணனியும் துணைக்கு வந்தது. 1978 முதல் யப்பானியச் சிற்பி எற்சுரோ சொதோ பிறப்பின் முகப்பிலே சிற்பங்கள் செதுக்கிவந்தார்.

இறந்தவரின் கனவைப் பிறர் முடித்தல் தகுமா என்னும் கேள்வி அன்றே எழுந்தது. 1965இல் கட்டடக் கலைஞர், எழுத்தாளர் பலர் கையொப்பமிட்டு, வேலையை நிறுத்துமாறு வெளிப்படையாகக் கேட்டனர். நிறுத்துவது கல்லறை கட்டுவதாகும் என்று மறுதரப்பார் விடையிறுத்தனர். வேலை நிற்கவில்லை. 2010ஆம் ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ற் கோயிலை அபிடேகம் செய்தார். 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில், நடுக்கோபுரம் எழுந்து, யேர்மனியின் உல்ம் நகரத்துத் தேவாலயக் கோபுரத்தை உயரத்தில் விஞ்சியது. இன்னொரு வழக்கும் உண்டு. மகிமையின் முகப்புக்கு முன்னே பெரும் படிக்கட்டு அமைக்கவேண்டுமாயின், எதிரேயுள்ள குடியிருப்புகள் இடம்விட வேண்டும். அங்கு வாழும் குடும்பங்கள் இதனை எதிர்த்து நிற்கின்றன. அழகிய கட்டடம் ஒன்றைக் காணச் செல்வோர் அதன் நிழலில் வாழ்வோரையும் நினைத்தல் வேண்டும்.

நான்காம் நாள் மலைக்குரியது. நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர்த் தொலைவில் நிற்கிறது மொன்செராற். ‘அரம்போற் பல்லுடைய மலை’ என்பது அப்பெயரின் பொருள். புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்று, மலையடியிற் பற்சில்லுப் புகையிரதத்திலோ, 1930 முதல் இயங்கும் கம்பித் தொங்குவண்டியிலோ ஏறலாம். சமவெளியில் வேறெந்த மலையும் துணைநில்லாமல், உருண்டு திரண்ட கற்றூண்கள் நூற்றுக்கணக்காய் வானை நோக்கி எழுந்த காட்சி தொலைவிலேயே கண்ணைக் கவரும். அருகே சென்று பாறையைத் தொட்டுப் பார்க்கும் குழந்தை ஓர் உண்மையைத் தானே கண்டுகொள்ளும். அது ஒரே கல்லன்று; ஆற்றங்கரைக் கூழாங்கற்கள் எண்ணிறந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் திரளை.

ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தே ஒரு கடற்குடா இருந்தது. ஆறுகள் மலைகளிலிருந்து உருட்டிவந்த கற்களையும் மணலையும் அதன் வாயிலே குவித்தன. சுண்ணாம்புச் சத்து அக்குவியலைச் சாந்துபோல இறுக்கியது. பின்னர் நிலம் உயர்ந்தது, கடல் விலகியது. மேலெழுந்த பாறையில் நெட்டாங்காக வெடிப்புகள் விட்டன. மழைநீரும் பனியும் அவ்வெடிப்புகள் வழியே அரித்தரித்து, நலிந்தவற்றை நீக்கி, உறுதியானவற்றைத் தூண்களாக நிறுத்தின. மக்கள் அத்தூண்களுக்கு ‘மம்மி’, ‘ஆயரின் தொந்தி’ என்றெல்லாம் பெயரிட்டுள்ளனர். கூழாங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு இயற்கை இட்ட கொங்கிறீற்று என்று அம்மலையைச் சொன்னால் தவறாகாது. முன்னாளிற் கடற்பக்கமாய் இருந்ததுவே இந்நாளில் மலைப்பக்கமாய் நிற்கிறது.

முதல் மூன்று நாட்களும் கண்டவை இங்கே நினைவுக்கு வரும். மிலா இல்லத்தின் புரளும் முகப்பும், கோயிலின் திரண்ட கோபுரங்களும் இம்மலையின் சாயல் கொண்டவை என்று பலர் கருதுவர். கௌடி இம்மலையை நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை. மலையிலுள்ள திருக்குகைக்குச் செல்லும் பாதையில், செபமாலையின் மறையுண்மைகளைக் காட்டும் சிற்பத்தொகுதிகளுள் கிறிஸ்து உயிர்த்தெழுந்ததைக் காட்டும் பகுதியை வகுக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஆயினும், அவர் மலையின் உருவத்தைப் பார்த்துப் பிரதிசெய்தார் என்று கொள்வதிலும், மலை நிற்கும் நெறியைக் கற்றார் என்று கொள்வதே பொருத்தம். நலிந்தது உதிர, பாரத்தைத் தாங்க வல்லதே எஞ்சும் என்பது மலை கற்பிக்கும் பாடம். தொங்கும் நூலிலே அவர் தேடியதும் அதுவே.

மலையில் 720 மீற்றர் உயரத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடாலயம் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் ஒலிபா என்னும் ஆயர் அதனை நிறுவினார். அங்கே வணங்கப்படும் மரியன்னையின் மரத்திருவுருவம் பன்னிரண்டாம் நூற்றாண்டினது. முகமும் கைகளும் கறுத்திருப்பதால் மக்கள் அன்போடு ‘கறுத்தம்மை’ எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். 1522இல் போர்வீரராய் இருந்த இஞ்ஞாசியார் அத்திருமுன்னே இரவு முழுதும் விழித்திருந்து, தம் வாளைக் கழற்றி வைத்துவிட்டுத் துறவு வாழ்வை மேற்கொண்டார். நெப்போலியன் படைகள் 1811, 1812ஆம் ஆண்டுகளில் மடாலயத்தை அழித்தன; மீண்டும் அது எழுந்தது. 1939 முதல் 1975 வரை நீடித்த பிராங்கோ ஆட்சியிற் கற்றலன் மொழி பொதுவாழ்விலிருந்து ஒதுக்கப்பட்டபோது, அம்மொழியிலே நூலும் இதழும் பதித்து அதனைக் காத்த இடங்களுள் இம்மடாலயமும் ஒன்று. ஐரோப்பாவின் மிகப் பழைய சிறுவர் இசைக்குழுக்களுள் ஒன்று அங்கே பாடுகிறது. அதனைக் கேட்க விரும்புவோர் பாடும் நாளையும் வேளையையும் முன்னரே விசாரித்துக்கொள்ளல் நலம்.

ஏற வல்லவர்கள் உச்சிக்குச் செல்லலாம். சான் ஜெரோனி என்னும் அவ்வுச்சி 1,236 மீற்றர் உயரமுடையது. 1918இல் அமைத்த கம்பியிழுவைப் புகையிரதம் பாதித்தூரம் ஏற்றிவிடும், எஞ்சியது நடை. தண்ணீரும் உறுதியான பாதணியும் இன்றியமையாதன. முதியோர் மடாலய முற்றத்திலே தங்கி மலைச்சரிவைப் பார்த்திருக்கலாம். வானம் தெளிந்த நாளில் உச்சியிலிருந்து வடக்கே பனிமுடி தரித்த பிரனீஸ் மலைகளும், தெற்கே கடலும் தோன்றும்.

பார்சலோனாவுக்குச் செல்வோர் தொகை இந்நாளில் அந்நகருக்கே பாரமாகிவிட்டது. திருக்குடும்பக் கோயிலை மட்டும் ஆண்டொன்றில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காண்கின்றனர். அயலவர் உலாவிய குவெல் பூங்காவின் நடுப்பகுதிக்கு 2013 முதற் கட்டணம் விதிக்கப்பட்டது. உல்லாசப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் பெருகியதால் உள்ளூரார்க்கு வீடு கிடைப்பது அரிதாயிற்று. அத்தகைய வாடகை அனுமதிகளை 2028உடன் நிறுத்தப்போவதாக மாநகரசபை 2024இல் அறிவித்தது. ஆதலால், அங்கு செல்லும் குடும்பத்தார் அனுமதிச் சீட்டுகளை முற்கூட்டியே பெற்று, வீடுகளின் நடுவே குரல் தாழ்த்தி நடந்து, ஒரு நாளில் ஒன்றிரண்டை மட்டும் நிதானமாகக் கண்டால் அவர்களுக்கும் நன்மை, ஊரவர்க்கும் நன்மை.

பத்துக் கட்டடங்களின் படங்களைச் சேர்ப்பதைவிட ஒரு வளைவு ஏன் நிற்கிறது என்பதை உணர்வது மேலானது. தொங்கும் சங்கிலியையும், மழைநீரைச் சுமக்கும் தூணையும், கூழாங்கற்கள் கூடி எழுந்த மலையையும் பார்த்து வந்த பிள்ளை, எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் அதன் பாரம் எவ்வழியே மண்ணைச் சேர்கிறது என்று கேட்கத் தொடங்கும். அக்கேள்வி பிள்ளையோடு வீடு வந்து சேருமாயின் விடுமுறையின் பயன் நிறைவேறியதாகும்.